உவர்த்தரை சும்மா கிடக்கவில்லை



புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் திரிந்தவர்களுக்கு உவர்த்தரை தெரிந்திருக்கும். ஓரிடத்தில் புல் இருக்கும். பத்தடி தள்ளிப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. மழைக்காலத்தில் சொதசொதவென்று கிடக்கும். சித்திரை, வைகாசியில் சுண்ணாம்பு தெளித்தது போல வெள்ளையாகப் பூத்திருக்கும். மண்ணுக்கு அடியில் உள்ள நீர் வெயிலுக்கு மேலேறி ஆவியாகிவிடும். அதில் கரைந்திருந்த உப்புகள் மட்டும் மேலே தங்கிவிடும். அதுதான் அந்த வெள்ளை.

'ஒன்றுக்கும் உதவாத இடம்' என்று சொல்லி எல்லாரும் அதைத் தாண்டிப் போவார்கள். திருவள்ளுவரே கல்லாதவரைக் களர் நிலத்தோடுதான் ஒப்பிட்டிருக்கிறார். வள்ளுவர் சொன்னது விளைச்சலை நினைத்து. விளைச்சலை விட்டுவிட்டுப் பார்த்தால் இந்த மண்ணின் கதையே வேறு!

புதுக்கோட்டையில் மன்னராட்சி நடந்த காலத்தில், உப்பு மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பு எடுத்தார்கள். அதற்கு 'மண் உப்பு' என்று பெயர். உப்பு வரி ஆங்கில அரசுக்குப் பெரிய வருமானம் அல்லவா? விடுவார்களா! 1887-ல் சமஸ்தானத்தோடு ஓர் உடன்பாடு செய்து, மண் உப்பு எடுப்பதை நிறுத்த வைத்தார்கள். அதற்கு ஈடாகச் சமஸ்தானத்துக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்தார்கள்.

இன்னொரு பயன், உங்கள் பாட்டியைக் கேட்டால் சொல்வார். சோப்பு வருவதற்கு முன்பு சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணைத்தான் சேகரித்து வைத்துக்கொள்வார்கள். மண்ணைக் கரைத்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, வெள்ளாவிப் பானை மேல் அடுக்கி, ஆவியில் அவித்து எடுத்து, பிறகு ஆற்றிலோ குளத்திலோ அடித்து அலசுவார்கள். அழுக்கு ஓடிவிடும். காரணம், சில வகை உவர்மண்ணில் சோடியம் கார்பனேட் என்ற காரப்பொருள் இருக்கிறது. துணியிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கோடு அது சேரும்போது கொஞ்சம் சோப்பே உண்டாகிவிடும். வேதியியல் புத்தகம் படிக்காமலேயே இதைக் கண்டுபிடித்தவர்களை என்னவென்று பாராட்டுவது!

சரி, இவ்வளவு காரமான மண்ணில் உயிர் ஏதாவது இருக்குமா?

கோகி ஹோரிகோஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானிக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. 1968-ல் அவர் இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகருக்குப் போயிருந்தார். அங்குள்ள பழைய கட்டடங்கள் ஜப்பானியக் கட்டடங்களைப் போல இல்லவே இல்லை. இரண்டு நாட்டாரும் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனியே வளர்ந்ததை நினைத்துப் பார்த்தார். நுண்ணுயிர்களிலும் நாம் எட்டிப் பார்க்காத தனி உலகம் ஒன்று இருக்குமோ? அதுவரை ஆய்வுக்கூடங்களில் காரம், அமிலம் இரண்டும் அதிகமில்லாத உணவில்தான் பெரும்பாலும் பாக்டீரியாவை வளர்த்து வந்தார்கள்.

ஊர் திரும்பியதும் 30 சோதனைக் குழாய்களை எடுத்தார். சோடியம் கார்பனேட் கலந்த காரமான உணவை அவற்றில் ஊற்றினார். தம் ஆய்வு நிலையத்து வளாகத்தில் அங்கும் இங்குமாக எடுத்த மண்ணில் சிறிது போட்டு, இரவு முழுதும் வைத்தார். மறுநாள் பார்த்தால் முப்பது குழாய்களிலும் நுண்ணுயிர்கள் பெருகியிருந்தன! காலடி மண்ணில் காலகாலமாக இருந்தவைதான். அவற்றுக்குப் பிடித்த சாப்பாட்டை யாரும் அதுவரை போடவில்லை, அவ்வளவுதான்.

இதில் தொழிற்சாலைக்கு என்ன வேலை என்கிறீர்களா? நொதி பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வெறும் சோற்றை நன்றாக மென்றால் சற்று இனிக்கிறதே, அது எச்சிலில் உள்ள நொதியின் வேலை. நொதிகள் மாவுப்பொருளையும் புரதத்தையும் கொழுப்பையும் சிறு சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. ஆனால் ரொம்பவும் ரோசக்காரர்கள்! சூடு அதிகமானால், காரம் கூடினால், பெரும்பாலான நொதிகள் உருக்குலைந்து வேலையை நிறுத்திவிடும். சலவைத்தூள் கரைத்த நீரோ நல்ல காரம்.

கார மண்ணில் வாழும் பாக்டீரியாவைப் பாருங்கள். அது தன் உடலுக்குள் காரத்தை அதிகம் சேரவிடாது. ஆனால் உணவைக் கரைப்பதற்காக வெளியே அனுப்பும் நொதிகள் கார நீரில் நின்றுதானே வேலை செய்தாக வேண்டும்? ஆகவே அவை காரத்தைத் தாங்கும்படி அமைந்திருக்கின்றன. சலவைக்குத் தேவையானதும் இதுதான். 1987-ல் காவ் என்ற ஜப்பானிய நிறுவனம், இப்படி ஒரு பாக்டீரியாவின் நொதியைச் சேர்த்து 'அட்டாக்' என்ற சலவைத்தூளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் பல சலவைத்தூள்களிலும் நொதி உண்டு. பொட்டலத்தின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். உவர்மண் மறுபடியும் துணி துவைக்க வந்துவிட்டது, வேறு வழியில்!

தோல் பதனிடும் தொழிலிலும் இதே தேவை. தோலிலிருந்து முடியை அகற்றச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவது பழைய முறை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே சொல்ல வேண்டியிருந்தது. அந்த ரசாயனங்களுக்குப் பதிலாக நொதியால் முடியை அகற்றும் முறைகளைச் சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கியிருக்கிறார்கள்.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். இந்த நொதிக்காக யாரும் லாரி லாரியாக மண் அள்ள வேண்டாம். ஒரு சிட்டிகை போதும். அதிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்துவிட்டால், எந்த நாட்டிலும் தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம். அப்படியானால் மண் கொடுத்த ஊருக்கு என்ன கிடைக்கும்?

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள வெந்நீர் ஊற்றில் 1966-ல் தாமஸ் பிராக் என்பவர் தம் மாணவருடன் ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். சுமார் 70 டிகிரி சூட்டிலும் அது நன்றாக வாழும். கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடேற்றினாலும் கெடாத அதன் நொதி, பிறகு பி.சி.ஆர். சோதனைக்கு உயிர்நாடி ஆயிற்று. 2020-ல் கொரோனாவைக் கண்டறிய மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே சோதனைதான்! அந்தச் சோதனையின் உரிமையை 1991-ல் ஒரு நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. பூங்காவுக்கு ஒரு காசுகூட வரவில்லை.

நம் நாட்டில் இப்படி நடக்கக் கூடாது என்பதற்காக 2002-ல் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதை நடத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. உயிர் வளத்தால் வரும் லாபத்தில் ஊருக்கும் பங்கு உண்டு என்கிறது சட்டம். ஊராட்சிதோறும் ஒரு குழுவும், அந்த ஊரின் உயிர் வளங்களை எழுதி வைக்க ஒரு பதிவேடும் வேண்டும் என்றும் சொல்கிறது. மரம், மூலிகை, மீன் எல்லாம் நமக்கு உடனே நினைவுக்கு வரும். உவர்த்தரையும் அதில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

தம் வயலில் உவர் ஏறிவிட்டால் விவசாயி ஜிப்சம் போட்டு அதைத் திருத்துவார். அது அவர் குடும்பத்தின் சோறு. அதைக் குறை சொல்ல மாட்டேன். எல்லா உவர்மண்ணிலும் புதையல் இருக்கும் என்றும் நான் சொல்லவில்லை. ஆயிரம் மாதிரிகளைச் சோதித்தும் ஒன்றுமே தேறாமல் போகலாம். என் சண்டையெல்லாம், 'சும்மாதானே கிடக்கிறது' என்று பொது உவர்த்தரையில் குப்பை லாரியைக் கவிழ்ப்பவர்களோடுதான். என்ன இருந்தது என்று பார்ப்பதற்கு முன்பே மூடிவிட்டால் எப்படி?

இந்த வாரம் நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசி, நிழலில் காயவைத்து, பட்டை பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் உவர்மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஒரு சொட்டு அந்தத் தாளில் விடுங்கள். மஞ்சள் சிவந்தால் அது காரமண். சிவக்காவிட்டால் வெறும் உப்புத் தரையாக இருக்கலாம். அங்கே உப்பை விரும்பும் வேறு நுண்ணுயிர்கள் இருக்கும். மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். எந்த ஊர், எந்த இடம், மஞ்சள் சிவந்ததா, அங்கே இப்போது என்ன கிடக்கிறது என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்