கொதிக்க வைத்தால் மட்டும் போதுமா?

களுதாவளையைக் கடக்கும்போதெல்லாம் வீதியோரம் நிறுத்தி மரக்கறி வாங்குவது என் வழக்கம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்த மணல் நிலம் கத்தரி, மிளகாய், வெற்றிலை என எமது ஊர்களுக்கு அள்ளித் தருகிறது.

அதே மணல்தான் என்னை யோசிக்கவும் வைக்கிறது. மணல் எதையும் பிடித்து வைக்காது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியா, நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் நீரோடும் மாரி மழையோடும் ஆழமில்லாத நிலத்தடி நீரில் இறங்கிவிடும். இதேபோல் மணலில் மரக்கறி செய்யும் கல்பிட்டியிலும், யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலும் நடந்த ஆய்வுகளில், பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

தோட்டக்காரரைக் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. காத்தான்குடி இருப்பதும் இதே கரையோர மணலில்தான். சில சதுர கிலோமீற்றருக்குள் சுமார் 40 ஆயிரம் பேர். இங்கே யூரியாவின் வேலையை மலசலகூடக் குழி செய்கிறது. பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வளவைப் பிரித்துப் பிரித்து, குழியும் கிணறும் அருகருகே வந்துவிட்டன.

"கொதிக்க வைத்தால் சரி" என்பார்கள் எமது உம்மாமார். கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நிறமோ மணமோ இல்லாததால் கண்டுபிடிக்கவும் முடியாது. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடல் நீலம் பாயலாம்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. உன்னிச்சைக் குளத்துக் குழாய்நீர் கிடைக்கும் வீடுகளில் குடிக்கவும் பால்மா கரைக்கவும் அதையே பாவிப்போம். குழாய் இல்லாத வீடுகளின் கிணறுகளை, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உதவியோடு மாரிக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யலாம். புதிய வீட்டுக்குப் படம் கீறும்போதே குழி எங்கே என்று கேட்கலாம்.

களுதாவளை விவசாயிக்குத் தேவை தடையல்ல. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியதைக் கண்டோம். மண்ணைச் சோதித்து, அளவாக, பிரித்துப் பிரித்து உரமிடும் வழிகாட்டலே அவருக்குத் தேவை. அவர் விளைவிப்பதை உண்பவர்கள் நாம். மணலுக்கடியில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று எல்லைக்கல் கிடையாது.