யாருக்கு வழி? யாருக்கு வேலி?

கேளம்பாக்கம் கூட்டுரோட்டிலிருந்து வடக்கே போகும் சாலை சிறுசேரியின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போகிறது. கிழக்கே போகும் சாலை உப்பளங்களின் நடுவே கோவளம் கடற்கரைக்குப் போகிறது. வடக்குச் சாலையில் உத்தியோகம் பார்க்கும் எஞ்சினீயர் லண்டன் போக வேண்டுமென்றால் கம்பெனியே கடிதம் தருகிறது, கட்டணம் கட்டுகிறது, விமான டிக்கெட்டும் எடுக்கிறது. கிழக்குச் சாலையில் உப்பு வாரும் தாய் ஒருத்தி, நர்ஸ் வேலைக்குச் சீமைக்குப் போன மகளின் பிரசவத்துக்கு ஒரு மாதம் போய் வர ஆசைப்பட்டால் என்ன நடக்கிறது?

மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் விஸாவைப் பற்றி என்ன கவலை என்று சிலர் கேட்கக்கூடும். கவலை உண்டு. வயலில் கூலி கிடைக்காமல், மில்லில் வேலை நிரந்தரமாகாமல், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நாம் படிக்க வைத்த பிள்ளைகள்தான் இன்று அயல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் முதியோர் இல்லங்களிலும் இரவுப் பணி செய்கிறார்கள். அவர்களின் தாய் தகப்பன்மார் இங்கே இருக்கிறார்கள். நடுவில் நிற்பது ஒரு விண்ணப்பம்.

அந்த விண்ணப்பத்தைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஆறு மாதத்துக்குள் போய்த் திரும்பும் பார்வையாளர் விஸாவுக்குக் கட்டணம் 2023 அக்டோபரில் 100 பவுண்டிலிருந்து 115 ஆயிற்று. 2025 ஏப்ரலில் 127 ஆயிற்று. நம் நாணயத்தில் பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல். 2025-26ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அதாவது நாற்பது நாட்களுக்கு மேல் மண் வெட்டிய கூலி, ஒரு மனுவைக் கொடுப்பதற்கு மட்டும்! மனு தள்ளுபடியானால் பணம் திரும்பி வராது. அவசரமென்றால் 500 பவுண்டு கூடுதலாகக் கட்டி மனுவை முன்னால் தள்ளலாம். பணமிருப்பவனுக்கு வரிசையும் கிடையாது.

சென்னையில் மனுவையும் கைரேகையையும் வாங்குவது பிரிட்டிஷ் தூதராலயம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு ஒரு தனியார் கம்பெனி இருக்கிறது. 2001ல் பம்பாயில் தொடங்கிய அந்த வி.எப்.எஸ். குளோபல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்க மூலதன ஸ்தாபனம் பின்னர் வாங்கிக் கொண்டது. தீர்ப்புச் சொல்வது பிரிட்டிஷ் உள்நாட்டு இலாகா; கதவருகே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பது கம்பெனி.

கட்டணத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். கேள்விகளுக்கு என்ன செய்வது? மாதச் சம்பளம் எவ்வளவு? முதலாளியின் கடிதம் எங்கே? பாங்குக் கணக்கில் சில மாதங்களாகப் பணம் எப்படி வந்தது, எப்படிப் போயிற்று? வீடு, நிலம் உண்டா? திரும்பி வருவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி? மனுதாரர் தவணை முடிந்ததும் நாட்டை விட்டுப் போய்விடுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும் என்பதே விதி.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் பாங்குக் கணக்கில் என்ன இருக்கும்? விவசாயக் கூலிக்குச் சம்பளச் சீட்டு தருகிற மிராசுதாரரை யாராவது கண்டதுண்டா? ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கடிதம் கொடுங்கள் என்றால், “இவன் என் ஆளே இல்லை” என்றுதான் காண்டிராக்டர் சொல்வான். குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு மனு கொடுத்துக் கொண்டிருப்பவர்கள், நில ஆதாரத்துக்கு எங்கே போவார்கள்? எட்டுப் பேரக் குழந்தைகளை இங்கே வைத்திருக்கும் கிழவி ஊர் திரும்ப மாட்டாள் என்று எவனாவது நம்புவானா? ஆனால் பேரக் குழந்தை சொத்துக் கணக்கில் வராது. பாங்கில் உள்ள தொகைதான் பாசத்துக்கு அத்தாட்சியாம்!

மறுத்துவிட்டால் மேல்முறையீடு உண்டா? குடும்பத்தாரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்பு அந்த உரிமை இருந்தது. 2013 ஜூனில் அதையும் எடுத்து விட்டார்கள். மறுபடி கட்டணம் கட்டி மறுபடி மனுப் போட வேண்டும், “முன்பு மறுக்கப்பட்டதுண்டா?” என்ற கேள்விக்கு இந்தத் தடவை “ஆம்” என்று எழுத வேண்டும்.

இது இந்தியருக்கு மட்டும் நேரும் கதியல்ல. பிரிட்டிஷ் பிரஜை முன்கூட்டி விஸா வாங்காமலே பாங்காக்கில் இறங்கி உல்லாசமாகச் சுற்றுகிறான். தாய்லாந்தின் நெல் வயலில் உழைக்கும் குடியானவனோ, லண்டனில் கல்யாணம் செய்து கொண்ட மகளைப் பார்க்க நம்மைப் போலவே கணக்கும் காகிதமும் சுமந்து நிற்க வேண்டும். வெள்ளைக்காரன் ஆண்ட நாடாக இருந்தாலும், அவன் ஆளாத நாடாக இருந்தாலும், ஏழை நாட்டான் என்றால் கேள்வி ஒன்றுதான்.

ஆண்ட காலத்தில் அவன் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கொண்டு நம் கரைக்கு வந்தான்? 1752ல் கிளைவ் கோவளத்தையும் செங்கற்பட்டையும் பிடித்தபோது பாங்குக் கணக்கையா நீட்டினான்? பீரங்கியை நீட்டினான். 1763ல் செங்கற்பட்டுச் சீமையே கம்பெனிக்கு ஜாகீராகிவிட்டது. தவணை முடிந்ததும் திரும்பிப் போய்விடுவேன் என்று அவன் எழுதிக் கொடுக்கவில்லை.

அவனுக்குக் கூலியாள் தேவைப்பட்டபோது நம்மவர்களுக்கும் கதவு விசாலமாகத் திறந்தது. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக் கொண்டு புறப்பட்டு, நவம்பர் 16ந் தேதி நேட்டாலில், கரும்புத் தோட்டக்காரர்களின் கரையில், இறக்கியது. பின்னர் போன கப்பல்களில் வடஆற்காடு, செங்கற்பட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம். சம்பளச் சீட்டு கேட்டார்களா? பெருவிரல் ரேகை போதுமானதாக இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு 1901 முதல் ஒரு தகரச் சீட்டைக் கொடுத்தார்கள். தோட்டத்தின் நம்பர் பொறித்த அந்தத் தகரத் துண்டுதான் கூலியின் பாஸ்போர்ட். ஆளை எந்தத் துரையிடம் ஒப்படைப்பது என்பதற்கு அடையாளம். மூட்டைக்கு நம்பர் போடுகிற மாதிரி.

ரேகையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று விஸா மனுதாரரின் பத்து விரலையும் கண்ணாடியில் பதித்துக் கொள்கிறார்களே, அந்த வித்தையின் தொடக்கமும் இந்த நாட்டில்தான். 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை கொண்டு வர ஒப்புக் கொண்ட ஒரு காண்டிராக்டர் பேச்சு மாறிவிடக் கூடாதென்று, பத்திரத்தில் அவன் உள்ளங்கையைப் பதிய வைத்தான். நம் கையை வைத்துப் பழகிய சாமர்த்தியம்!

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, பிரிட்டனின் பஸ்களுக்கும் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆள் பற்றாக்குறை வந்தது. 1948ல் இயற்றிய பிரஜா உரிமைச் சட்டப்படி காமன்வெல்த் நாட்டார் எல்லோரும் அங்கே வந்து குடியேறலாம் என்றிருந்தது. வந்தார்கள், உழைத்தார்கள். பற்றாக்குறை குறைந்ததும் கதவு ஒருக்களித்தது. 1962 ஜூலை 1 முதல் வேலைச் சீட்டு இல்லாமல் குடியேற வர முடியாதென்றார்கள். வேலை முன்கூட்டிக் கிடைத்தவருக்கு ஒரு சீட்டு, தொழில் கற்றவருக்கு ஒரு சீட்டு, வெறும் உடலுழைப்பாளிக்கு ஒரு சீட்டு என்று மூன்று வகை வைத்தார்கள். 1965ல் எந்தச் சீட்டை ரத்துச் செய்தார்கள் தெரியுமா? உடலுழைப்பாளியின் சீட்டை! 1968ல் கென்யாவிலிருந்து வந்த இந்தியரைத் தடுக்க, பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்ற ரீதியில் ஒரு சட்டத்தை மூன்றே நாளில் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். அப்போது ஆண்டது தொழிற்கட்சி என்பதை நம் தொழிலாளர்கள் குறித்துக் கொள்ள வேண்டும்.

1983ல் இலங்கையில் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. உயிருக்குத் தப்பியவர்களில் சிலர் லண்டன் போய் இறங்கினார்கள். 1985 மே மாதத்தில் பிரிட்டன் இலங்கையருக்கு விஸா கட்டாயமென்று அறிவித்தது. காமன்வெல்த் நாடுகளில் இந்த வேலி முதலில் விழுந்தது இலங்கை மீதுதான். அதாவது, ஓடி வந்த தமிழன் மீது. அடுத்த ஆண்டே இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், நைஜீரியா, கானா நாட்டவருக்கும் கட்டாயமாக்கினார்கள். எரிகிற வீட்டிலிருந்து ஓடுகிறவன் எந்த ஆபீசில் போய் பாங்குக் கணக்கைக் காட்டுவான்? 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட இருந்த தமிழர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர், அந்தக் குளிரில் உள்ளாடை தவிர மற்ற உடைகளைக் களைந்தெறிந்து விமானமேற மறுத்து நின்றார்கள். கோர்ட்டு தலையிட்டு அவர்களை ஏற்றுவதை நிறுத்தியது. விஸா இல்லாதவரை ஏற்றி வரும் விமானக் கம்பெனிக்குத் தலைக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் என்று அதே ஆண்டில் சட்டமும் வந்தது.

பணக்காரனுக்கு என்ன வழி? இருபது லட்சம் பவுண்டு முதலீடு செய்கிறவனுக்கென்றே தனி விஸா ஒன்று 2022 பிப்ரவரி வரை இருந்தது. நம் பாங்குகளுக்கு ஆயிரக்கணக்கான கோடி பாக்கி வைத்த விஜய் மல்லையா 2016 மார்ச்சில் லண்டன் போய்ச் சேர்ந்தார். அவரைத் திருப்பியனுப்பலாம் என்று 2018 டிசம்பரில் லண்டன் கோர்ட்டே சொல்லிய பிறகும் ஆண்டுக் கணக்கில் அங்கேயே வாசம் செய்தார். உப்பளத் தாய் திரும்பி வருவாளா என்பதில்தான் சந்தேகம்!

2025 ஜூலை 24ல் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தம் செய்து கொண்டன. 150 சதவீதமாயிருந்த ஸ்காட்லாந்து விஸ்கி வரி முதலில் 75 ஆகி, பத்தாண்டில் 40க்கு இறங்கும். நம் ஆடைகள் வரியில்லாமல் அங்கே போகும். அந்த ஏற்றுமதியால் மில்லிலும் தையல் ஆலையிலும் வேலை பெருகுமானால் நல்லதுதான். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் சட்டை போகலாம், தைத்தவள் போகக் கூடாது. மாமல்லபுரத்துச் சிற்பி கொத்திய சிலை கப்பலேறலாம், சிற்பி ஏறப் பத்து விரலும் ஆறு மாதக் கணக்கும் வேண்டும் என்பது என்ன நியாயம்? ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு இரண்டே நாள் முன்பு, ஜூலை 22ந் தேதி, முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதைப் பிரிட்டன் நிறுத்தியது. 2022ல் வாருங்கள் என்று அழைத்தவர்களும் அவர்களே. 2024 மார்ச்சில், வேலைக்கு வரலாம், புருஷன் பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது என்றவர்களும் அவர்களே. அவர்களுக்குத் தேவை கைகள்; கைகளோடு குடும்பமும் வருவது பிடிக்கவில்லை.

பிரிட்டிஷ் தொழிலாளியை நாம் குறை கூறவில்லை. இந்த வேலியில் அவனும் அகப்பட்டிருக்கிறான். வெளிநாட்டு மனைவியையோ கணவனையோ அழைத்துக் கொள்ள வேண்டுமானால் ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டுமென்று 2024 ஏப்ரலில் விதித்தார்கள். 2025 ஏப்ரலில் அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். வாரம் நாற்பது மணி, வருஷம் பூராவும் உழைத்தாலும் 25,400 பவுண்டு தேறாது. லண்டனில் பிறந்து வளர்ந்த தெருக்கூட்டும் தொழிலாளி சென்னைப் பெண்ணைக் கட்டினால் அவளோடு வாழ முடியாது. அவனுடைய முதலாளி கட்டினால் வாழலாம்.

இந்த நெருக்கடியில் கொழுப்பவர்கள் ஏஜெண்டுகள். “கணக்கில் பணம் காட்டுகிறோம், கடிதம் நாங்களே தயார் செய்கிறோம்” என்பார்கள். நகையை அடகு வைத்துக் கொடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். மனுவில் பொய்க் காகிதம் இருந்தால் பத்து வருஷத்துக்குத் தடை. தடை விழுவது ஏஜெண்டு மேல் அல்ல, கையெழுத்துப் போட்டவர் மேல். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் பெரிது. ஆளெடுத்த பராமரிப்புக் கம்பெனிகளில் 470க்கு மேற்பட்டவற்றின் லைசென்சை 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பிரிட்டன் ரத்துச் செய்தது. குற்றம் கம்பெனி செய்தது. அறுபது நாளில் வேறு முதலாளியைத் தேடு, இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போ என்ற நோட்டீஸ் தொழிலாளிக்கு!

நமது சர்க்கார்கள் என்ன செய்கின்றன? பதிவு பெற்ற ஏஜெண்டு முப்பதாயிரம் ரூபாயும் வரியும் தவிர வேறு வாங்கக் கூடாதென்று விதி இருக்கிறது. பதிவு பெறாதவன் லட்சக் கணக்கில் வாங்குகிறான். அவன் வீட்டு வாசலில் போலீசைக் காணோம். 1978 முதல் தமிழ்நாடு சர்க்காருக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரைக் கேள்விப்பட்ட விவசாயக் கூலி திருப்போரூர் வட்டாரத்தில் எத்தனை பேர்? அதன் உத்தியோகஸ்தர் மாதம் ஒரு நாளாவது ஒவ்வொரு ஒன்றிய ஆபீசிலும் உட்கார்ந்து, விஸா மனுக்களைத் தமிழில் விளக்கி, ஆங்கிலத்தில் நிரப்பி, கட்டணமில்லாமல் மொழிபெயர்த்துத் தர வேண்டும். கூலிக்காரருக்கு வேலை அத்தாட்சி தர முதலாளியும் காண்டிராக்டரும் மறுத்தால், நலவாரியமும் கிராம நிர்வாக அதிகாரியும் தர வேண்டும். குடும்பத்தாரைப் பார்க்கப் போகும் மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டு உரிமை திரும்ப வேண்டுமென்று, விஸ்கிக்கு வரி குறைத்த அதே மேஜையில் டில்லி சர்க்கார் கேட்க வேண்டும்.

அதுவரை நம் குடும்பங்கள் செய்யக் கூடியது சிறிதுதான், ஆனாலும் செய்ய வேண்டும். பிரிட்டிஷ் சர்க்காரின் சொந்த இணையத் தளத்திலேயே மனுவை நேராக நிரப்பலாம். ஏஜெண்டு அவசியமே இல்லை. படித்த பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அங்கே இருக்கும் மகளோ மகனோ செலவை ஏற்பதானால் அவர்களுடைய சம்பளச் சீட்டையும் விஸா நகலையும் கடிதத்தோடு சேருங்கள். மழைக்காலத்தில் வேலையில்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள். நூறு நாள் வேலை அட்டை, நலவாரிய அட்டை, ரேஷன் அட்டை எது உண்டோ அதை வையுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். அதன் நகலை உங்கள் சங்கத்தில் கொடுங்கள். எத்தனை தாய்மார், என்ன காரணம் சொல்லி நிறுத்தப்பட்டார்கள் என்ற கணக்கு கையில் இருந்தால்தான் எம்.பி.யின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்க முடியும்.