மலிவுப் பங்கும் கொழும்பில் நடந்ததும்

சென்ற இதழில் சீட்டுக் காசு பற்றி எழுதியிருந்தோம். படித்த சிலர், "பங்கு வாங்கினால் என்ன? அதை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்தானே?" என்று கேட்டிருந்தார்கள். மிங்கலாடோன் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் எங்களுக்கும் கைத்தொலைபேசியில் இதே ஆசை வார்த்தைதான் வருகிறது. நாலாயிரம் கியாட் போட்டால் ஒரே மாதத்தில் நாற்பதாயிரமாம்.

வித்தை பழையது. விலை மிகக் குறைந்த, அதிகம் கைமாறாத ஒரு கம்பனியின் பங்குகளைச் சிலர் மெல்லச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு தங்களுக்குள்ளேயே விலையைக் கூட்டிக் கூட்டி விற்று வாங்குவார்கள். கதை பரவும். வெளியாட்கள் ஓடிவந்து வாங்கும்போது அவர்கள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள். நம் கையில் பங்கு இருக்கும், வாங்க ஆள் இருக்காது.

இதைத் தடுக்கத்தான் கொழும்பில் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு இருக்கிறது. யுத்தம் முடிந்த 2009இல் அங்கே பங்கு விலைச்சுட்டி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. 2010இலும் கிட்டத்தட்ட இரட்டித்தது. நல்ல கம்பனியோடு உதவாக்கரைக் கம்பனியும் ஏறியது. ஆணைக்குழு விசாரிக்கத் தொடங்கியது. பிறகு நடந்ததைப் பாருங்கள். 2011 டிசம்பரில் அதன் தலைவர் இந்திராணி சுகததாச பதவி விலகினார். அடுத்து வந்த திலக் கருணாரத்னவும் 2012 ஆகஸ்டில் விலகினார். பங்குச் சந்தை மாபியாவின் நெருக்குதல் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். காவலுக்கு வந்தவர்களே இப்படி வீட்டுக்குப் போனால், நூறு பங்கு வைத்திருக்கும் ஏழை யாரிடம் போய் முறையிடுவது?

பங்குப் பக்கமே போகாதவர்களின் காசும் இழுபடப் பார்த்தது. 2012 ஏப்ரலில் தேசிய சேமிப்பு வங்கி, த பினான்ஸ் கம்பனியின் பங்கை, சந்தையில் சுமார் 30 ரூபா போனபோது 49.75 ரூபா கொடுத்து வாங்கியது. மொத்தம் சுமார் 39 கோடி ரூபா. பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் காசு போடுகிற வங்கி அது! ஊரே சத்தம் போட்ட பிறகுதான் அந்தக் கொடுக்கல் வாங்கல் ரத்தானது. அந்தக் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தையே மத்திய வங்கி 2020 மே மாதம் ரத்துச் செய்தது.

இங்கே யாங்கூன் பங்குச் சந்தை 2016 மார்ச்சில் ஒரே ஒரு கம்பனியோடு வியாபாரம் தொடங்கியது. இன்றும் அங்கே உள்ள கம்பனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். புதிதாய் வந்த குடும்பங்கள், யாராவது பங்கு என்று சொன்னால் முதலில் கம்பனியின் பெயரை எழுதி வாங்குங்கள். அந்தச் சிறு பட்டியலில் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். இருந்தாலும் போதாது, கொழும்பில் ஏறி விழுந்தவையும் பட்டியலில் இருந்தவைதான். "நாளைக்கே விற்க வந்தால் யார் வாங்குவார், என்ன விலைக்கு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், பெயர் எழுதிய துண்டை எங்களிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.