தேசாபிமானமும் வாய்ப்பூட்டும்

தேசாபிமானம் என்றால் என்ன? நம் நாட்டில் இதற்கு ஒரு விசித்திரமான வியாக்கியானம் வழங்கி வருகின்றது. கொடி ஏறும்பொழுது எழுந்து நிற்பதும், பட்டாளத்தார் பெயரைக் கேட்டவுடன் தலை வணங்குவதும், மற்ற வேளைகளிலெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுமே தேசாபிமானம் என்பதுதான் அந்த வியாக்கியானம். எவனாவது ஒருவன் ஒரு நியாயத்தைக் கேட்டுவிட்டால் போதும். "நாட்டுக்காக இரத்தஞ் சிந்திய வீரர்களை அவமதிக்கிறாயா?" என்று அவன்மேற் பாய்கிறார்கள். கூலியைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில். வீரனுடைய பெயர் ஒரு கேள்விக்குப் பதிலாகுமா என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். பட்டாளத்தாரிடம் நமக்கு யாதொரு விரோதமுமில்லை. நாம் எழுதுவது சுங்கை ஊடாங்கிலிருந்து. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சேனைகள் அடங்கிய 28-வது காமன்வெல்த் படைக்காகக் கட்டப்பட்ட தெரண்டாக் முகாம் இவ்வூரில்தான் இருக்கின்றது. பட்டாளத்து லாரி நம் ரஸ்தாவில் ஓடுகின்றது. பட்டாளத்துப் பிள்ளைகள் நம் கடைகளில் சாமான் வாங்குகின்றார்கள். வெயிலிலும் மழையிலும் அவர்கள் படும் பாட்டைக் கண்ணாற் காண்கின்ற நாம், அவர்களை மதிக்க வேண்டுமென்று பிறர் நமக்குப் பாடஞ் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

அந்த முகாமின் கல்லறைத் தோட்டமே நம் கட்சிக்கு முதற் சாட்சி. வியட்நாம் யுத்தத்தில் மாண்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களிற் சிலர் அங்குதான் அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்த யுத்தத்தின் ஆரம்பத்தில் மாண்டவனுடைய உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமானால் அவன் குடும்பமே பணங் கட்ட வேண்டுமென்று அந்நாட்டு அரசாங்கம் விதித்திருந்தது. ஜனங்கள் கூச்சலிட்டார்கள், 1966-ல் அந்த விதி மாற்றப்பட்டது. ஆயினும் முன்பே புதைக்கப்பட்டவர்கள் இங்கேயே கிடந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாரும் உடன் யுத்தஞ் செய்த தோழர்களும் விடாது கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2016 ஜூன் மாதத்தில், தெரண்டாக்கிலிருந்தும் சிங்கப்பூர்க் கிராஞ்சியிலிருந்தும் மொத்தம் 33 பேருடைய எச்சங்கள் ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 2018-ல் நியூசிலாந்தும் அவ்வாறே செய்தது. ஐம்பது வருஷங் கழித்து மாண்டவனுக்குக் கிடைத்த அந்த மரியாதை எதனால் வந்தது? வாய்மூடி நின்றதாலா? அரசாங்கத்தை எதிர்த்துக் கேட்டதால் வந்தது. வீரனை மதிப்பதும் வாய் திறந்து பேசுவதும் விரோதமென்பார் இதற்கு என்ன சமாதானஞ் சொல்வார்கள்?

நிற்க. நம்மவர்மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டைப் பார்ப்போம். 2010 நவம்பரில், அந்நாளில் பாதுகாப்பு மந்திரியாயிருந்த அகமட் சாஹிட் ஹமிடி அவர்கள், சீனரும் இந்தியரும் பட்டாளத்திற் குறைவாகச் சேர்வதற்குரிய காரணங்களில் தேசாபிமானக் குறைவையும் ஒன்றாக நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். ஒரு ஜாதியாருடைய அன்பை ஆட்சேர்ப்புக் கணக்கைக் கொண்டு நிறுக்கலாமென்பது என்ன தர்க்கம்? வைத்தியரும், உபாத்தியாயரும், பால்மரம் வெட்டி நாட்டின் பொக்கிஷத்தை நிரப்பிய தொழிலாளியும் தேசாபிமானிகள் அல்லரோ? இதை மறுத்து முதலில் வாய் திறந்தவர்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரிகளே இருந்தார்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இரத்தஞ் சிந்தியவர்களே பேசினார்கள்! அவர்களையுமா "வீரரை அவமதிக்கிறாய்" என்று அடக்குவது?

இன்னும் ஒன்று. பட்டாளத்திற் சாதாரணச் சிப்பாயாய்ச் சேர்ந்து, 21 வருஷ சேவை பூர்த்தியாகாமல் வெளியேறியவருக்குப் பொதுவாக ஓய்வூதியம் இல்லை. எத்தனையோ முன்னாட் சிப்பாய்கள் இதைப் பற்றி வருஷக்கணக்கில் முறையிட்டு வந்திருக்கின்றார்கள். மேடையில் வீரரைப் புகழ்கின்ற கனவான், அவ்வீரன் வயிற்றுக்காகப் பேசத் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. பேச்சளவில் நிற்கும் மரியாதையும் அத்தகையதே.

இனி நமது சொந்தச் சரித்திரத்துக்கு வருவோம். 1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் கேட்டவை யாவை? கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, வைத்திய வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுச் சுதந்திரம், கூட்டங் கூடும் சுதந்திரம். இவற்றோடு, துரைமாரையும் உத்தியோகஸ்தரையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமென்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்பதும் ஒன்று. அந்த உத்தியோகஸ்தர் கூட்டத்திற் கிராணிமாரும் சேர்ந்தவர்களே. கிராணி உத்தியோகம் பார்க்கும் நாமே இதை எழுதுகின்றோமென்றால், உண்மைக்கு உத்தியோகம் தடையாகாதென்பதற்காகத்தான். தொழிலாளரின் தலைவரும் 'தமிழ் நேசன்' பத்திரிகையைச் சேர்ந்தவருமான ஆர். எச். நாதன் அவர்கள் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சியை அடக்கப் போலீசாரும் இந்தியச் சிப்பாய்களும் ஏவப்பட்டார்கள். தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

இந்தியத் தொழிலாளிக்கு எதிரே இந்தியச் சிப்பாய்! அன்று "பட்டாளத்தாரை மதி, வாயை மூடு" என்ற உபதேசத்தை நம் பாட்டனார் ஏற்றுக்கொண்டிருந்தால், நாம் இன்றைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போயிருப்போம். சிப்பாயின் உடுப்புக்குத் தானாக ஒரு மகிமை கிடையாது. அவன் எதற்காகத் துப்பாக்கி தூக்குகிறான் என்பதே அவனுக்குப் பெருமையையோ சிறுமையையோ தருகின்றது. அதைக் கேட்டறியும் உரிமை பிரஜைக்கு இல்லையென்றால், கூலிப் பட்டாளத்துக்கும் தேசப் பட்டாளத்துக்கும் வித்தியாசமே இல்லாமற் போகும்.

அதற்கு இரண்டு வருஷங் கழித்து, 1943 ஜூலையில், சுபாஷ் சந்திர போஸ் அவர்கள் சிங்கப்பூருக்கு வந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்திற் சேர்ந்தார்கள். இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராத தோட்டத்துப் பெண்கள் டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையிற் சேர்ந்து துப்பாக்கி பிடித்தார்கள். அது எவ்வளவு பெரிய சமூகப் புரட்சி! 1945 ஜூலை 8-ந் தேதி, மாண்ட வீரர்களுக்காகச் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் போஸ் ஒரு ஞாபகச் சின்னத்துக்கு அஸ்திவாரமிட்டார். அவ்வருஷம் செப்டம்பரில் திரும்பிவந்த பிரிட்டிஷார் மவுண்ட்பேட்டன் உத்தரவின்படி அதைத் தகர்த்தார்கள். ஐம்பது வருஷங் கழித்து, 1995-ல், சிங்கப்பூரார் அவ்விடத்தில் ஒரு குறிப்புக் கல்லை நாட்டினார்கள். இந்தியாவோ, சுதந்திரம் பெற்ற பிறகு அவ்வீரரைத் தன் பட்டாளத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972-ல் வந்த ஓய்வூதியத் திட்டத்தில்தான் சுதந்திர வீரரென்று ஒப்புக்கொண்டது. ஒரே மனிதன் ஒரு சர்க்காருக்குத் துரோகி, மற்றொரு சர்க்காருக்குத் தியாகி! எனவே, யார் தேசாபிமானி என்பதைச் சர்க்கார் முத்திரையைக் கொண்டு தீர்மானிப்பது எவ்வளவு பேதைமை!

இதற்கு எஸ். ஏ. கணபதியைவிடப் பெரிய உதாரணம் வேண்டுவதில்லை. இந்திய தேசிய ராணுவத்திலிருந்து வந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானவர். 1948-ல் அவசரகாலம் வந்தது. சம்மேளனம் தடை செய்யப்பட்டது. கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தாரென்ற குற்றத்துக்காக 1949 மே 4-ந் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய கொள்கையை நாம் முழுதும் ஏற்கவேண்டுமென்பதில்லை. ஆனால், தொழிலாளர் வாய் திறக்கக் கற்றுக்கொடுத்த ஒருவருடைய பெயரை உச்சரிக்கவே அஞ்சியது யாருடைய தேசாபிமானம்? அதே 1948-ல் பிரிட்டிஷார் செய்துவைத்ததுதான் தேச நிந்தனைச் சட்டம். அரசியல் சாசனத்தின் 10-வது விதி பிரஜைக்குப் பேச்சுச் சுதந்திரம் உண்டென்கின்றது. அதே விதி அதற்கு வரம்பு கட்டவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரமளிக்கின்றது. 2012-ல் அச்சட்டத்தை நீக்குவதாக அப்போதைய பிரதமர் நஜிப் வாக்களித்தார்; 2015-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. அந்நியன் விட்டுச் சென்ற பூட்டைச் சுதேசி எண்ணெய் போட்டுப் பாதுகாப்பதும் தேசாபிமானந்தானோ?

இவ்வளவும் சர்க்காரைப் பற்றியது. நம்மவர் மட்டும் யோக்கியர்களா? நேதாஜி பிறந்த நாளன்று மேடை போட்டு மாலை சூட்டிப் படம் பிடித்துக்கொள்கின்ற நம் சங்கங்கள், வருஷத்தின் மற்ற நாட்களில் அப்படையிற் சேர்ந்தவரின் குடும்பங்களை விசாரித்ததுண்டா? எந்தத் தோட்டத்திலிருந்து யார் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று ஒரு ஜாபிதாவாவது எழுதி வைத்ததுண்டா? அது போகட்டும். ஓர் இளைஞன் எழுந்து, "ஜப்பானியர் நம் தோட்டத்து ஜனங்களை சயாம் மரண ரயிலுக்கு இழுத்துக்கொண்டு போனபோது, அந்த ஜப்பானியரோடு நேசமாயிருந்த நம் தலைவர்கள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டால், அவனை உட்காரவைத்துவிடுகிறார்கள். "தியாகிகளைக் குறை சொல்லாதே" என்கிறார்கள். சர்க்கார் நம்மிடஞ் சொன்ன அதே வார்த்தை! மாமியார் உடைத்தால் மண்கலம், மருமகள் உடைத்தால் பொன்கலமா? அந்தக் கேள்வி வீரருக்கு அவமானமன்று. ரயில் பாதையில் மாண்டவரும் நம் ஜனங்களே. அவர்களுக்காகக் கேட்பவனும் தேசாபிமானியே. மெய்யான தியாகம் கேள்விக்கு அஞ்சாது; போலியான பெருமைதான் அஞ்சும்.

சிலர், "பேச்சுச் சுதந்திரம் என்று விட்டுவிட்டால் கண்டவனும் கண்டபடி பேசுவானே" என்பார்கள். பேசட்டும். பொய் பேசினால் உண்மையைக் கொண்டு மறுப்போம். வசை பேசினால் கேளாது விடுவோம். ஜாதிகளுக்குள் கலகம் மூட்டி அடிக்கத் தூண்டுபவனைத் தண்டிக்க வேண்டியதுதான். அதற்குச் சாதாரணக் குற்றச் சட்டமே போதும். ஆனால், கேள்வி கேட்பவனையும் கலகக்காரனையும் ஒரே கயிற்றிற் கட்டுவது, பயிரையும் களையையும் சேர்த்துப் பிடுங்குவது போலாகும்.

ஆகையால், தோட்டத்துத் தோழர்களுக்கும் டவுன் வாசிகளுக்கும் நாம் சொல்லிக்கொள்வது மூன்று. முதலாவது, நம் தேசாபிமானத்தை நிரூபித்துக் காட்டும்படி எவர் கேட்டாலும், கூனிக் குறுகிப் பதில் சொல்லாதீர்கள். அதை அளக்க அவருக்கு எந்தப் படி கொடுக்கப்பட்டதென்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாவது, ஜூலை 31-ல் வீரர் தினம் வரும்பொழுது கைதட்டுவதோடு நில்லாமல், உங்கள் தோட்டத்திலும் தெருவிலும் உள்ள முன்னாட் சிப்பாய் எவ்வாறு பிழைக்கிறாரென்று விசாரித்து, அவருக்கு வர வேண்டியதை எழுதிக் கேட்க உதவுங்கள். நேதாஜி படைக்குப் போனவர், ரயிலுக்குப் போனவர், மலேசியப் பட்டாளத்திற் சேவித்தவர் ஆகிய எல்லோர் பெயரையும், முதியவர்களின் ஞாபகம் மறையுமுன் எழுதி வையுங்கள். மூன்றாவது, உங்கள் சங்கக் கூட்டங்களில் எழுந்து கேட்கின்ற பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேனென்று சொன்னவர்களின் பேரன் அவன்.