ஆப்பில் 'ஆஃப்' காட்டினால் போதுமா?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், கொஞ்சம் கோபமாகவும். வாத்தியார் மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள்.

போன வாரம் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்காக அவனே செய்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். நாலு சாக்கெட், உள்ளே நாலு ரிலே, ஒரு சின்ன வைஃபை போர்டு. போனைத் தட்டினால் எந்தச் சாக்கெட் வேண்டுமோ அது மட்டும் வேலை செய்யும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கைதட்டல். நானும் கட்டைவிரல் போட்டேன். 74 வயது அக்கா விடிகாலை இருட்டில் எழுந்து தடுமாறாமல், படுக்கையிலிருந்தே வெந்நீர் ராடைப் போடலாம், அணைக்கலாம் என்பது அவன் ஆசை. பிள்ளை மனசு, குறை சொல்ல முடியாது.

பழக்கதோஷம், டெஸ்டரை எடுத்தேன். ஆப்பில் நாலும் 'ஆஃப்'. சாக்கெட்டின் வலப்பக்க ஓட்டையில் வைத்தேன். எரிந்தது. நாலிலும் எரிந்தது.

திறந்து பார்த்தோம். சாதாரண பாக்ஸுக்குள் எல்லாச் சாக்கெட்டையும் இணைத்து ஃபேஸுக்கு ஒரு பித்தளைப் பட்டை, நியூட்ரலுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று ஓடும். தனித்தனியாகக் கட்டுப்படுத்த ஃபேஸ் பட்டையை வெட்டி, ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ரிலே வழியாகத் தனி வயர் இழுக்க வேண்டும். இவன் வெட்டியிருந்தது நியூட்ரல் பட்டையை.

"சுற்று முழுமையடையலைன்னா கரண்ட் ஓடாது இல்ல மாமா, எதை வெட்டினா என்ன?" என்றான்.

அந்த வாக்கியத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

பரீட்சைக்கு அது சரி. பல்பும் அணையும், ராடும் சூடாகாது. ஆனால் நியூட்ரலை வெட்டிய ராடுக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். உப்புப் படிந்து உறையில் கீறல் விட்ட பழைய ராடாக இருந்து, எர்த்தும் சரியில்லாவிட்டால், 'ஆஃப்' என்று நம்பி வாளியில் கை விடுகிறவர் உடம்பும் ஈரத் தரையும் மீதிச் சுற்றை முடித்து வைக்கும். அந்தக் கை என் அக்காவுடையது.

அவன் பார்த்துச் செய்த வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னேன். கோடு எழுதுவதற்கும் ஆப்பின் பட்டனுக்கு நிறம் மாற்றுவதற்கும் பாதி நேரம். வயரிங் வந்ததும், 'ஏசி வயர் ரெண்டையும் இங்கே கொடுத்துடுங்க நண்பர்களே', அவ்வளவுதான். எந்த ரெண்டு? எர்த் எங்கே? பியூஸ் எங்கே? கேட்க ஆளில்லை. ஏசி வயரும் ஐந்து வோல்ட் வயரும் ஒரே டப்பாவில் உரசிக்கொண்டு கிடக்கின்றன. பிளக் சுவரில் இருக்கும்போதே லேப்டாப்பையும் அந்த போர்டில் மாட்டுகிறார். வயிறு கலங்கியது எனக்கு.

ரிலே மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதாம். நாலு ரிலே, நாப்பது ஆம்பியரா? பிளக் 6 ஆம்பியர். 1500 வாட் ராட் மட்டுமே ஆறரை ஆம்பியர் இழுக்கும்; வகுத்துப் பாருங்கள். ராடின் பெரிய பிளக் இதில் நுழையாது என்பதே ஒரு எச்சரிக்கை. நம் ஆள் அதற்கும் ஒரு கன்வர்ஷன் பிளக் வாங்கி வைத்திருந்தான்!

இன்னொன்று. பாரம் அதிகமாகி ரிலேயின் முனைகள் பொறி தட்டி ஒட்டிக்கொண்டாலும் ஆப் 'ஆஃப்' என்றுதான் காட்டும். அதற்குத் தெரிந்தது தான் அனுப்பிய கட்டளை மட்டும். சாக்கெட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் தெரியாது. கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது இவன் பாக்ஸில் இரண்டு ரிலே தாமாகவே 'டிக்' என்று ஒட்டி விலகின. யார் தட்டியது?

'கடையில வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே' என்கிற கட்சியில் நான் இல்லை. கையால் பிரித்துச் சேர்க்காதவனுக்கு மின்சாரம் புரியாது. எனக்கு அவன் மேல் கோபமில்லை. 'லோ பட்ஜெட் ஸ்மார்ட் ஹோம்' என்று லைக் வாங்கிவிட்டு, ஃபேஸ் எது நியூட்ரல் எது என்று ஒரு நிமிடம் சொல்ல மனசில்லாதவர்கள் மேல்தான் கோபம். என் மேலும்தான். வீட்டு மின்சுற்றை ஐந்து மதிப்பெண் படமாகவே நடத்தினேன். ஒரு நாளாவது ஒரு பிளக்கைக் கழற்றிக் காட்டினேனா? எர்த் பின் மட்டும் ஏன் நீளம் என்று கேட்டிருப்பேன். முதலில் சேர்ந்து கடைசியில் பிரிவதற்கு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். உங்களில் எத்தனை பேர் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று சோதித்தீர்கள்?

இரண்டு நாள் உட்கார்ந்து நானும் அவனும் பாக்ஸை மறுபடி கட்டினோம். ஃபேஸில் ரிலே, உள்ளே பியூஸ், எர்த் பட்டை முழுசாக. இப்போது அதில் டேபிள் லேம்ப், ரேடியோ, போன் சார்ஜர், கொசுவிரட்டி. ராட் பழையபடி சுவரில் 16 ஆம்பியர் சாக்கெட்டில். அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் வாளியைத் தொடுவேன் என்று அக்கா சத்தியம் செய்திருக்கிறாள். மெயினில் ஆர்சிசிபி போட எலக்ட்ரீஷியனுக்கும் சொல்லியாயிற்று.

இந்த மாதிரி செய்து வைத்திருக்கும் என் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்து, எரிகிறதா இல்லையா என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அந்த வீடியோவின் கீழும் மரியாதையாகவே எழுதினேன். ஒரு இதயக் குறி போட்டிருக்கிறார். வீடியோ அப்படியேதான் இருக்கிறது.