குத்துமதிப்பு வேறு, தோராயம் வேறு

"தோராயமா விடை கண்டுபிடிக்க ஒரு பிஎச்டியா?" ஐடி வட்டாரத்தில் இந்த நக்கலை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர்கள் என்னைப் போலவே பொறியியல் முடித்தவர்கள். அதுதான் எரிச்சல்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தோல் மாதிரி இன்னொன்று இருக்காது. ஓரம் கோணல், நடுவே உண்ணிக்கடி, தழும்பு, ஓட்டை. வயிற்றுப் பக்கம் தொளதொள. அதில் அப்பருக்கான துண்டுகளை நெருக்கி வெட்ட வேண்டும். வேஸ்டேஜ் கூடினால் திட்டு வெட்டுபவருக்கு. இந்தத் தோலில் இதைவிடக் குறைக்க முடியும் என்று திட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? போன லாட்டை வைத்துச் சொல்கிறார். அது குத்துமதிப்பு.

தோராய அல்காரிதம் அப்படியல்ல. மிகச் சிறந்த விடையைத் தேடினால் ஆயுசு போதாத கணக்குகளில், கையில் கிடைத்த விடை எவ்வளவு மோசமாக இருக்க முடியும் என்பதற்கு அது நிரூபணத்தோடு எல்லை போடுகிறது. இதே ஊர் டேனரிகளைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைக்க வேண்டும். மிகக் குறைந்த நீளக் குழாய் வலை எது? தெரியாது. தெரியாமலே போகட்டும். அதை ஒட்டியே நடந்து எல்லா டேனரிக்கும் போய்த் திரும்பினால் ஒவ்வொரு குழாயையும் இரண்டு முறை கடப்போம், அவ்வளவுதான். ஆகவே டேனரிகளையும் நிலையத்தையும் ஒன்றோடொன்று நேராக இணைக்கும் கோடுகளில் மொத்த நீளம் குறைந்த தொகுப்பை எடுத்தால் (இது சுலபமான கணக்கு) அந்தத் தெரியாத விடையின் இரண்டு மடங்கைத் தாண்டாது. கண்ணில் படாத ஒன்றை வைத்துக் கையில் இருப்பதை அளந்துவிட்டோம்!

எந்தெந்த ஜோடிகள் இணைய வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்கும் கடினமான வடிவத்துக்கும் 1991இல் இரண்டு மடங்கு எல்லை கொடுத்த மூவரில் ஒருவர், சென்னை ஐஐடியில் படித்த ஆர். ரவி. பிறகு கார்னகி மெலனில் பேராசிரியர் ஆனார். நமக்கோ இது அல்காரிதம் தாளின் கடைசி யூனிட், சாய்ஸில் விடுகிற சமாச்சாரம்.

தோலுக்கு இப்படி ஒரு எல்லை இருக்கிறதா என்று மடக்கலாம். குழாய்க்குக் கிடைத்த அளவு சுத்தமாக இல்லை. துண்டுகளின் மொத்தப் பரப்பை வைத்துச் சொல்லலாம்தான், ஆனால் அந்தக் கூட்டலுக்கு ஓட்டையும் தெரியாது, தழும்பும் தெரியாது. பின்னே, அஞ்சு வருஷம் ஒருத்தர் உட்கார வேண்டியது எதுக்காம்?

நெஸ்டிங் மென்பொருள் திரையில் ஒரு சதவீதம் மின்னும். எதில் சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள். தோலின் பரப்பில். அந்தத் தோலில் முடியக்கூடியதில் எவ்வளவு என்று அது சொல்லாது. ஆனால் அந்த எண்ணை வைத்துத்தான் வெட்டுபவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.