செங்கோட்டை இன்னொரு குற்றாலம் ஆக வேண்டாம்

சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கால் வைக்க இடமிருக்காது. பேரருவியில் குளியல், பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும், அதோடு ஊர் திரும்பிவிடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவும் இடத்திலிருந்து செங்கோட்டை வரை மரவாடிகளும் சா மில்களும் நிற்பதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வைக்க வேண்டும் என்கிறோம்.

செங்கோட்டை மரத்தொழிலுக்கு வாய்த்த ஊர். மலைக்கு அப்பாலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகச் சரக்கு இறங்கும் வாசல் அது. கொல்லத்திலிருந்து 1904-ல் ரயிலும் வந்து சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணையும் வரை ஊர் மலையாள நாட்டு ஆட்சியில் இருந்ததால் இருபுறத்து வணிகர்களும் இங்கே பழகிப்போனார்கள்.

மரவாடியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர், தடி அறுபடும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. பலாத்தடி பிளந்ததும் உள்ளே மஞ்சள் பளிச்சிடும். தேக்கில் வெளிறு எங்கே முடிகிறது, வைரம் எங்கே தொடங்குகிறது என்று அனுபவசாலி கண்ணாலேயே அளந்துவிடுவார். ஒரே தடியில் நிலைக்கு எவ்வளவு, சட்டத்துக்கு எவ்வளவு, பலகைக்கு எவ்வளவு என்று அவர் போடும் கணக்கு தப்பினால் கன அடிக் கணக்கில் நட்டம்.

கேரளத்தின் நிலம்பூர் இதற்கு முன்னுதாரணம். 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி தொடங்கிவைத்த தேக்குத் தோட்டமும் 1995-ல் திறந்த தேக்கு அருங்காட்சியகமும் அங்கே ஆட்களை இழுக்கின்றன. நமக்கும் கோவையில் 1902 முதல் காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. செங்கோட்டையில் அதுபோல் ஒன்று, சிறியதாகவேனும் அமையட்டும். விருப்பமுள்ள மில்களில் குறித்த நேரத்தில், தடுப்புக்கு இப்பால் நின்று அறுப்பைப் பார்க்க ஏற்பாடு வேண்டும். பார்ப்பவருக்காகப் போடும் பாதுகாப்பு, வேலை செய்பவரின் கைவிரலையும் காக்கும். துண்டு மரத்தில் செய்த பொருள்களை மகளிர் குழுக்கள் அங்கேயே விற்கலாம்.

மரத்தொழிலைக் காட்டுவது காட்டழிப்பைக் கொண்டாடுவதாகாதா என்ற கேள்வி நியாயமானது. 1980-ன் வனப் பாதுகாப்புச் சட்டமும் 1996-ன் உச்ச நீதிமன்ற உத்தரவும் காட்டுக்குள் போகும் கோடரிக்குக் கடிவாளம் போட்டுவிட்டன. பட்டா நிலத்து மரமும் கப்பலில் வரும் வெளிநாட்டுத் தடியும் இன்று அறுப்புக்கு வருகின்றன. மலை இழந்ததையும் அருங்காட்சியகம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சுற்றுலா என்றாலே விடுதி என்று நினைத்ததன் பலனைக் குற்றாலத்தில் பார்த்தோம். ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய விடுதிகள் மீது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-ல் நடவடிக்கைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. அருவியோ சாரலை நம்பியது. மழை பொய்த்தால் கடை போட்டவர் கையைப் பிசைய வேண்டியதுதான். ரம்பம் பருவம் பார்த்து ஓடுவதில்லை.

தென்காசி 2019-ல் தனி மாவட்டமானது. அடுத்த சாரலுக்குள் மில் உரிமையாளர்களையும் தொழிலாளர்களையும் வனத்துறையையும் மாவட்ட நிர்வாகம் ஒரே மேசையில் உட்கார வைக்கட்டும். புதிய விடுதிக்கு அனுமதி கேட்கும் கோப்புகளுக்கு முன்னால் இந்தக் கோப்பு நகர வேண்டும்.